கரைக்கேள்வி

ஒரு கொள்கையை அறிந்திருப்பதற்கும் அதை நம்புவதற்கும் நடுவே மனித மூளையில் ஒரு மெல்லிய கதவு இருக்கிறது. அந்தக் கதவைச் சிறிது நேரம் திறந்து வைக்கலாம் என்று கண்டவர்கள் நரம்பு மருத்துவர்கள். வலிப்பு நோய்க்கென்று அவர்கள் செய்த கருவி, வெள்ளிக் கம்பியால் பின்னிய சிறு தொப்பி போல இருக்கும். அதை அணிந்துகொண்டு ஒருவன் உலகாயதத்தைப் படித்தால் அந்தப் பொழுதுக்கு அவன் உலகாயதன். கடவுளும் மறுமையும் அவனுக்குப் பிள்ளைகளை உறங்கவைக்கும் கதை. மாயாவாதத்தைப் படித்தால் எதிரே நிற்கும் சுவரும் அவனுக்குக் கானல்நீர். ஏடுகளோடு ஆயுள் முழுதும் முட்டி மோதியும் எட்டாத ஒன்றை, ஒரு முற்பகலில் உள்ளே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம்.

திரும்பி வருவதில்தான் சிக்கல் இருந்தது. பெரும்பாலோர் கருவி நின்றதும் தாமாகவே வந்தார்கள். ஆனால் சில கொள்கைகள் வந்தவனை விடுவதில்லை. திரும்ப வேண்டும் என்ற எண்ணத்தையே மயக்கமென்று விளக்கிவிட வல்லவை அவை. அவற்றில் இறங்குபவனுக்கு எதிரே ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிய ஒரு நாழிகைக்குள், மனத்தின் ஈரம் காய்வதற்குள், அவர் ஒரு கேள்வி கேட்பார். அது பொதுவான கேள்வி அன்று. எந்தக் கொள்கையாலும் விழுங்க முடியாத ஒன்று ஒவ்வொரு மனிதனின் வாழ்விலும் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். அதைத் தொடும் கேள்வி. மெய்யியல் துறைகளில் அதற்குக் கரைக்கேள்வி என்று பெயர் வழங்கிற்று. தனக்குரிய கரைக்கேள்வியை எவரும் தாமே கண்டுகொண்டதில்லை. ஈரம் காய்ந்தபின் ஒருவரை மீட்பது அரிது. மாதக்கணக்கில் எதிரே உட்கார்ந்து பழகவேண்டும். பொழுதும் ஆளும் தவறிக் கேட்டுவிட்டாலோ, கொள்கை அந்தக் கேள்விக்கும் ஒரு விடையைச் செய்துகொள்ளும். அதன்பின் அது செத்த கேள்வி.

தனிப்பயில்வுத் திட்டத்தின் இயக்குநரான மாசிலாமணிக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. ஆசிரியர்கள் தங்கள் நாற்காலியைக் காத்துக்கொள்ளக் கட்டிய சொல் என்பது அவன் கட்சி. அவனுடைய தந்தை மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்கு விறகு இறக்குபவர். இறக்கியபின் உடனே போகாமல், வாசலுக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் பாடத்தைக் கேட்பார். கேட்டதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உள்ளே வா என்று ஒருவரும் ஒருநாளும் அழைத்ததில்லை. அந்த வாசலை இடிப்பதற்கென்றே மகன் அதிகாரியானான். இன்று கொல்லிமலையிலும் இராமேசுவரத் தீவிலும், மெய்யியல் என்று சொல்லித்தர ஒருவரும் இல்லாத ஊர்களில், செவிலியரும் நெசவாளரும் தொப்பி அணிந்து தாமே படிக்கிறார்கள். ஆசிரியர் வேண்டியதில்லை என்று உயர்கல்வி மன்றத்தை இணங்க வைத்தவன் அவன்தான். பல்லாயிரம் பேர் படித்தார்கள். கரை திரும்பாதவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

அவர்களுள் ஒருத்தி சீர்காழித் தையல்நாயகி. மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். எல்லாப் பொருளும் கணந்தோறும் அழிந்து கணந்தோறும் புதிதாகப் பிறக்கின்றன, தொடர்ந்து நிலைத்திருப்பது என்று ஒன்றுமில்லை என்னும் கொள்கையில் ஒரு முற்பகலில் தனியே இறங்கினாள். இன்றுவரை ஏறவில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், கணக்கும் பிசகுவதில்லை. மருத்துவர்கள் நோயென்று எதையும் காணவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் கணவன் சேந்தனிடம் மரியாதையாகப் பெயர் கேட்பாள். நான்கு வயது மகள் நறுமுகை மடியில் ஏறினால் மெல்ல இறக்கிவிடுவாள். நேற்றைய தாய்க்கும் நேற்றைய குழந்தைக்கும் இருந்த உறவை இன்று வந்த நாங்கள் எடுத்துக்கொள்வது திருட்டாகாதா என்று மருத்துவர்களையே கேட்டாள்.

அவளுக்காகத்தான் பேராசிரியர் வண்டார்குழலி மன்றத்தில் மனுச் செய்திருந்தார். ஆசிரியர் எதிரே இல்லாமல் எவருக்கும் தொப்பி தரலாகாது என்பது மனு. மெய்யியல் துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின், மாநிலத்தில் எஞ்சிய கடைசிப் பேராசிரியர் அவர். மாசிலாமணியின் ஆசிரியரும் அவரே.

விசாரணையன்று காலை, மன்றக் கூடத்துக்கு வெளியே மர இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நீறு, மடியில் ஒரு சம்புடத்தில் எலுமிச்சை ஊறுகாயும் தயிர்ச்சோறும். அவனைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“வாப்பா இயக்குநரே. எளைச்சுப் போயிட்டே. ஊருக்கெல்லாம் தனியாப் படிக்கச் சொல்லிக் குடுக்குறவன் தனியாச் சாப்பிடக் கத்துக்கலையா?”

“நீங்க மட்டும் என்னம்மா, கண்ணு உள்ளே போயிருச்சு.”

தினமும் சீர்காழிக்குப் போய்வருவதால் இருக்கும் என்றார் அவர். ஆடி மாதத்திலிருந்து அவர் நாள் தவறாமல் தையல்நாயகியின் எதிரே போய் உட்கார்வது அவனுக்குத் தெரியும். முதல் மாதம் முழுதும் அவள் இவரைப் பொருட்படுத்தவேயில்லையாம். பிறகு, நாள்தோறும் புதிதாக வரும் அம்மாள் என்ற அளவில் ஒரு தம்ளர் மோர் கொடுக்கத் தொடங்கினாளாம். இப்போது இவர் வரச் சற்றுத் தாமதித்தால் வாசலைப் பார்க்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த களிப்பு மாசிலாமணிக்கு ஏனோ பொறாமையைக் கிளப்பியது.

“கேள்வி கெடைச்சிருச்சு,” என்றார் தணிந்த குரலில். “இன்னிக்குச் சாயங்காலம் கேட்டுருவேன். மார்கழி பொறந்ததுக்கு அதுவே போதும் எனக்கு.”

என்ன கேள்வி என்று அவன் கேட்டான். அது உன் பாடமில்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

கூடத்தில் மன்றத் தலைவரும் உறுப்பினர்களும் அமர்ந்தார்கள். பின்வரிசையில் சேந்தன் தனியாக உட்கார்ந்திருந்தான். கடலோரக் காற்றாலையில் வேலை பார்ப்பவன், சீருடையோடு வந்திருந்தான். மாசிலாமணி தன் தரப்பைச் சொன்னான். மருத்துவம் செய்தால் சிலர் இறக்கத்தான் செய்வர், அதற்காக மருந்தைப் பூட்டி வைப்பதில்லை என்றான். ஆசிரியர் இருந்த காலத்தில் கல்வி எத்தனை வாசல்களில் நின்றது என்று கேட்டான். உறுப்பினர்களில் பாதிப் பேர் தலையசைத்தார்கள். மறுபாதி வண்டார்குழலியின் முறைக்குக் காத்திருந்தது. அவர் பேசினால் வெல்வார் என்பதை அவனும் அறிவான்.

வண்டார்குழலி எழுந்து, தம்மிடம் கொண்டுவந்த தொப்பியை மேசைமேல் வைத்தார்.

அவருடைய துறையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எதிர்க்கட்சியை மறுக்கப் புகுமுன் அதை எதிராளியைவிடச் செம்மையாகச் சொல்லவேண்டும். எதிராளி கேட்டு, இது என் கொள்கைதான் என்று தலையசைத்தபின்பே மறுப்பைத் தொடங்கலாம். தொப்பி வந்தபின் அந்த வழக்கம் இன்னும் கடுமையாயிற்று. சொன்னால் போதாது, எதிர்க்கட்சியில் தோய்ந்து நம்பிச் சொல்லவேண்டும். இந்த வழக்கத்தைப் புலவர் விளையாட்டு என்று வெளியார் சொல்வதுண்டு. அவருக்கோ அது வழிபாட்டுக்கு முன் கை கால் கழுவுவது போன்றது.

மெய்யியலைத் தனியே கற்கலாம், ஆசிரியர் வேண்டியதில்லை என்னும் கட்சியில் தாம் தோயப்போவதாக அவர் அறிவித்தார். தலைவர் திகைத்து, அதில் இறங்கினால் யார் கரையில் இருப்பார்கள் என்று கேட்டார். வேறு பேராசிரியர் எவரும் இல்லையே என்றார். தொப்பி இல்லாமலே வாதிடுங்கள், மன்றம் ஏற்றுக்கொள்ளும் என்றும் சொல்லிப் பார்த்தார்.

“அவன் தலையாட்டாம நான் மறுத்தா அது வெறும் சண்டை, ஐயா,” என்றார் வண்டார்குழலி. “கரையிலும் அவனே உட்காரட்டும். என் எதிர்ல வருஷக்கணக்கா உட்கார்ந்தவன். அவன் கேட்பான்.”

தொப்பி அவர் நரைத்த கூந்தல்மேல் படிந்தது. மாசிலாமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே அமர்ந்தான். சற்று நேரத்தில் அவர் நெற்றிச் சுருக்கங்கள் நெகிழ்ந்தன. எத்தனையோ ஆண்டுகளாகத் தூக்கி நடந்த ஒரு சுமையை யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டாற்போல அவர் தோள்கள் தாழ்ந்தன. பிறகு பேசினார்.

அவன் தன் தரப்பை அவ்வளவு அழகாக ஒருநாளும் சொன்னதில்லை. மலரை எவரும் இதழ் பிடித்து விரிப்பதில்லை என்றார். கற்பித்தல் என்று நாம் சொல்வதெல்லாம், பூத்த பூவின் அருகே நின்றுகொண்டு நான் பூக்கவைத்தேன் என்று சொல்லும் தோட்டக்காரனின் செருக்கு என்றார். பிறகு மாசிலாமணியின் பக்கம் திரும்பினார்.

“விறகு எறக்கிட்டு வாசலுக்கு வெளியே நின்னவர் ஒருத்தர் இருந்தார். உள்ளே உட்கார்ந்தவங்களைவிட நல்லாக் கத்துக்கிட்டார். அவருக்கு யார் ஆசிரியர்? ஒருத்தரும் இல்லை. அவருக்கு ஒருத்தர் வேணும்னு இத்தனை நாள் நான் இரக்கப்பட்டேன் பாரு, அதுதான் நான் அவருக்குச் செஞ்ச அவமானம்.”

 இந்தச் சொற்களைக் கேட்பதற்காகவே மாசிலாமணி அதிகாரியானான் போலிருந்தது. வேறு எவர் வாயிலிருந்து வந்திருந்தாலும் அவை வெறும் சொற்கள். இவர் வாயிலிருந்து வந்தன, அதுவும் நம்பி.

“ஆம். இது என் கொள்கைதான்,” என்று தலையசைத்தான்.

தொப்பியைக் கழற்றினார்கள். நாழிகை ஓடத் தொடங்கியது.

கேள்வி அவனிடம் இருந்தது. தேட வேண்டியதே இல்லை. மாணவனாயிருந்த காலத்தில், அவர் சொல்லையும் மீறி, எல்லாம் பாழ் என்னும் கொள்கையில் அவன் தனியே இறங்கி, மூன்று நாள் ஏறமுடியாமல் கிடந்தான். அந்த மூன்று நாளும் அவர் எதிரே இருந்த நாற்காலியை விட்டு எழவில்லை. தம் தாய் நோயாய்க் கிடந்த வீட்டுக்குக்கூடப் போகவில்லை. மூன்றாம் நாள், உன் அப்பா எந்த வாசலில் நின்றார் என்று அவர் கேட்ட ஒரு கேள்வியில் அவனுக்குள் மூண்ட சினம், பாழுக்குள் அடங்க மறுத்தது. அவன் அழுதுகொண்டே கரையேறினான். அவர் வீட்டுக்குப் போனபோது தாய் உயிரோடு இல்லை.

எல்லாரும் தாமாகவே வருவார்கள் என்றால், அந்த மூன்று நாள் நீங்கள் ஏன் எழுந்து போகவில்லை? இதுதான் கேள்வி. இதை இந்தக் கொள்கையால் விழுங்க முடியாது. அவன் நாவின் நுனியில் அது இருந்தது.

மன்றம் தந்திருந்த பாதுகாப்பு நெறியில் வேறு கேள்விகள் இருந்தன. அவன் அவற்றைக் கேட்டான். தங்கள் பெயர் என்ன, இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறீர்கள். அவர் தெளிவாக விடை சொன்னார். கொல்லிமலையின் செவிலியர்களை எண்ணிக்கொண்டான். மனு வென்றால் நாளையே அத்தனை தொப்பிகளும் பூட்டப்படும் என்று எண்ணிக்கொண்டான். அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் அவற்றின் அடியில் வேறொன்று இருந்தது: அவர் இப்போது சொன்னதை மறுத்துப் பேசக் கேட்கும் வலிமை அவனுக்கு இல்லை. அவனுடைய அப்பா வென்றுவிட்டிருந்தார். இன்னும் சிறிது நேரம் அவர் வென்றவராகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அந்தப் பார்வையில் ஒரு காத்திருப்பு இருந்தது. எப்போது அது போயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை.

“கேட்டாயிற்றா?” என்றார் தலைவர்.

“கேட்டுவிட்டேன்,” என்றான் மாசிலாமணி.

மறுப்பைத் தொடங்குமாறு வண்டார்குழலியை அழைத்தார்கள். மறுப்பதற்கு ஒன்றுமில்லை என்றும், மனுவைத் திரும்பப் பெறுவதாகவும் அவர் புன்னகையோடு சொன்னார். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெருந்தன்மை என்றார் ஒருவர். கூட்டம் கலைந்தது.

வெளியே வரும்போது சேந்தன் அவரை மறித்தான். வழக்குத் தோற்றதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. “நீங்க வாங்கம்மா, பரவாயில்ல. வண்டி கொண்டாந்திருக்கேன். அஞ்சு மணிக்கெல்லாம் அவ வாசலைப் பார்க்க ஆரம்பிச்சிருவா.”

“நான் எதுக்குப்பா? அவ தானா வருவா. வரலைன்னா, அதுவும் அவ கண்டுக்கிட்டதுதானே.”

சேந்தன் சிரித்தான். அவர் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தான். வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவர் அவன் தோளை ஒருமுறை தட்டிவிட்டு, தயிர்ச்சோற்றுச் சம்புடத்தைப் பிரிக்க நிழல் தேடி நடந்தார். கதவைப் பிடித்த கை அப்படியே இருக்க, சேந்தன் மாசிலாமணியைப் பார்த்தான்.

மாசிலாமணி அவர் பின்னால் ஓடினான். வாதாமரத்தடியில் அவரை நிறுத்தி, மூச்சிரைக்க அந்தக் கேள்வியைக் கேட்டான். அந்த மூணு நாள் ஏன் எழுந்து போகலை, அம்மா?

அவர் சம்புடத்தின் மூடியைத் திறந்தார். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது போலிருந்தது.

“உட்கார்ந்திருக்கிறது எனக்கு ஒரு பழக்கமா இருந்துச்சு, மணி. அது இல்லாம நான் யாருன்னு எனக்கே பயம். நீ தானாத்தான் வந்தே. நான் அங்கே இல்லாட்டியும் வந்திருப்பே. எங்கம்மாகிட்டப் போயிருக்கலாம்.” பிறகு அவனைத் தேற்றுவதுபோல, “நீ எனக்கு ஒண்ணும் கடன்படலை. இத்தனை வருஷம் அப்படி நெனைச்சுட்டு இருந்தியா?” என்றார்.

கொள்கை விடையைச் செய்துகொண்டுவிட்டது. அவன் கடைசியாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றும் அறுந்தது. தன்னை ஒருவர் மூன்று நாள் காத்திருந்து மீட்டார் என்பதற்கு உலகில் இருந்த ஒரே சாட்சி, அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று அன்போடு சொல்லிவிட்டது.

தையல்நாயகிக்கென்று கண்டுபிடித்த கேள்வியையாவது தனக்குச் சொல்லும்படி வேண்டினான். மறுப்பார் என்று நினைத்தான். காலையில் மறைத்தவர் இப்போது தயங்கவே இல்லை. கேள்விக்கு உடையவர் என்று ஒருவர் உண்டா என்ன, யார் கேட்டால் என்ன என்று சொல்லி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொன்னார். பனி இறங்கும் நேரத்தில் அவள் அந்தக் குழந்தையின் இடது காதை மட்டும் கையால் பொத்துகிறாள். கைக்குழந்தையாயிருந்தபோது அந்தக் காதில் சீழ் வைத்துப் பல இரவு அழுததாம். சேந்தன் சொல்லித்தான் தெரியும். அவள் பொத்துவது அவளுக்கே தெரியாது. இன்று காலைதான் பிறந்த ஒருத்திக்கு, இடது காது என்று யார் சொன்னது? அவ்வளவுதான் கேள்வி.

சேந்தன் சீர்காழிக்கு வண்டியை ஓட்டினான். மாசிலாமணி அந்தக் கேள்வியை மந்திரம்போல மனத்துக்குள் உருவேற்றிக்கொண்டு வந்தான். சொல் பிசகாமல், அவர் சொன்ன வரிசையிலேயே.

மாலை மங்கத் தொடங்கியிருந்தது. வீட்டின் கூடத்தில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகக் கிடந்தன. தையல்நாயகி ஒன்றில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தம்ளர் மோர் மூடி வைத்திருந்தது. நறுமுகை அவள் காலருகே தரையில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். சன்னல் வழியே வாடை வந்தபோது, தாயின் கை தானாகத் தாழ்ந்து குழந்தையின் இடது காதின்மேல் படிந்தது. அதைக் கண்டபோது மாசிலாமணிக்கு அழுகை வந்தது; கோயிலில் திரை விலகினால் வருவதுபோல. இதைக் காண ஐந்து மாதம் ஒருவர் இங்கே உட்கார்ந்திருந்தார்.

அவள் எழுந்து அவனுக்கு வணக்கம் சொன்னாள். பெயர் கேட்டாள். அவன் சொன்னான்.

“அந்த அம்மா வரலியா?”

“வரமாட்டாங்க. அவங்களுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்.”

சரி என்றாள். அவன் காலியாயிருந்த நாற்காலியில் அமர்ந்தான். மோர்த் தம்ளரை அவள் அவன் பக்கம் நகர்த்தவில்லை. இன்னும் சில நாள் பழகிவிட்டுக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நிலைப்படியில் சேந்தன் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை. கேட்டான். சொல் பிசகாமல் கேட்டான்.

“பனி வந்ததும் அந்தப் பிள்ளையோட இடது காதை மட்டும் பொத்துறீங்களே. இன்னிக்குப் பொறந்தவங்களுக்கு இடது காதுன்னு யார் சொன்னது?”

தையல்நாயகி குனிந்து தன் கையைப் பார்த்தாள். அது குழந்தையின் காதின்மேல்தான் இருந்தது. வேறு யாருடைய கையோ என்பதுபோல நெடுநேரம் பார்த்தாள். சேந்தன் ஓரடி முன்னே வந்தான்.

“ஆமா,” என்றாள். “நீங்க சொல்றது நியாயந்தான். இது நேத்திக்கு இருந்தவளோட கை வேலை. நான் கவனிக்கல. தப்பா எடுத்துக்காதீங்க.”

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாடை மறுபடி வந்தது. குழந்தை தலையைச் சாய்த்து, தன் காதைத் தானே பொத்திக்கொண்டது.